உட்கார்ந்தபடி வந்தவள்

கலைமணி சிஸ்டருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாகிவிடும். கொடுத்த மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் பெரியவர்கள், மாவுக்கட்டைத் தாங்களே பிய்த்துவிட்டு வந்து நிற்கும் இளவட்டங்கள், எல்லாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். உயிரோடு இருப்பவர்களிடம் இப்படி எரிந்து விழுகிறவள், செத்தவர்களிடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் பேசுவாள். "கொஞ்சம் திரும்பிக்க கண்ணு, முதுகைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பிணத்தைத் திருப்புவாள்.

கொல்லிமலை மேலிருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் அவள் ஸ்டாஃப் நர்ஸ். ஊர், அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி. அப்பா அர்த்தனாரிக்கு நிலக்கடலையும் சின்ன வெங்காயமும் போடுகிற அளவுக்குக் காடு இருந்தது. வேலை கிடைத்து முதல் வருஷம் மலை பஸ்ஸில் ஏறியவள், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்தே இளைத்துப்போனாள். கண்டக்டர் ஜன்னலோர சீட்டை அவளுக்கென்றே காலியாக வைத்திருப்பார். இரக்கத்தால் அல்ல, பஸ்ஸைக் கழுவ முடியாததால். மாற்றல் கேட்டு எழுதிக் கொடு என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எழுதியும் வைத்திருந்தாள். கொடுக்கவில்லை.

கொடுக்காமல் போனதற்குக் காரணம் ஒரு பிணம். ஒரு நாள், இறந்துபோன வாலிபன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புது வேட்டி கட்டிச் சுத்தமாகக் கொண்டுவந்தார்கள். எப்படிச் செத்தான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவன் சட்டையில் என்ன ஒட்டியிருந்தது, நகக்கண்ணில் என்ன இருந்தது, எல்லாம் வெந்நீரோடு போய்விட்டது. டாக்டருக்குக் கடைசிவரை பிடி கிடைக்கவில்லை. அவன் அம்மா வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து, "என்ற பையன் எப்படிங்க செத்தான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி கலைமணியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அதன் பிறகுதான் பட்டணத்தில் நடந்த ஒரு பயிற்சிக்கு அவளாகவே பெயர் கொடுத்துப் போய்வந்தாள். தடய மருத்துவச் செவிலியர் பயிற்சி என்று அதற்குப் பெயர். திரும்பி வந்து பார்த்தால் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பதவியே கிடையாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். டாக்டர் உடலை அறுத்துப் பார்ப்பார், போலீஸ் எழுதிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வேலை ஏராளமாகக் கிடக்கிறது. துணியை உதறாமல் கழற்றி, காகிதத்தில் மடித்து, தனித்தனியாகக் கட்டி வைக்க வேண்டும். உடம்பை யாரும் கழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகப் பார்த்தது யார், என்ன சாப்பிட்டார், யார் தூக்கி வந்தார்கள் என்று அழுகைக்கு நடுவே பதமாகக் கேட்க வேண்டும். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். உள்ளே என்ன செய்யப்போகிறோம், என்ன செய்ய மாட்டோம் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். இதையெல்லாம் கலைமணி தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மலை ஜனம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. குளிப்பாட்டாமல் அனுப்ப அது என்ன அநாதைப் பிணமா என்று சண்டைக்கு வந்தார்கள். அவளும் சும்மா இருப்பாளா, பதிலுக்குச் சண்டை போட்டாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். "பாக்கற வரைக்கும் தண்ணி படக்கூடாது. பாத்து முடிச்சதும் நானே வெந்நி வெச்சுத் தாரேன். முதல் சொம்பு நீங்க ஊத்துங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். பிணவறைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி ஓர் அண்டாவையும் வைத்தாள். செத்தது பெண்ணாக இருந்தால், பிறந்த வீட்டுப் பொம்பளைகள் வந்து பார்க்காமல் உடம்பைத் தொடக்கூடாது என்பது மலையின் பழைய வழக்கம். அதையும் அவள் பிடித்துக்கொண்டாள். சர்க்கார் விசாரணை மலையேறுவதற்கு முன்பே இங்கே நடந்துகொண்டிருந்த விசாரணை அல்லவா அது! பிறந்த வீட்டாரைத்தான் முதலில் உள்ளே விடுவாள். அதற்கப்புறம் ஜனங்கள் அவளை நம்ப ஆரம்பித்தார்கள். முதுகுக்குப் பின்னால் 'பொணத்து சிஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் எப்பேர்ப்பட்டவள் என்று மலைக்குத் தெரிந்தது தாரணி செத்த அன்றைக்குத்தான்.

அது மாசி மாதம். மரங்களில் படர்ந்த கொடியில் மிளகு பழுத்து உதிரும் நேரம். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாட்டுப் பக்கம் ரோடு போகாத ஒரு சிற்றூரிலிருந்து தாரணியை ரோடுவரை தூக்கிவந்து, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவள் புருஷன் தனசேகரன். மற்றவர் அவனுக்குப் பெரியப்பா மகன், சென்றாயன். இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் துணியில் காப்பு கட்டியிருந்தது. அவர்கள் ஊரில் நோம்பி சாட்டி, கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"சீக்கிரம் பாருங்க சிஸ்டர். மிளகு மரத்துல இருந்து விழுந்துருச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்துச்சுங்க, இப்பத்தான் நின்னாப்பல இருக்குது" என்றார் சென்றாயன்.

கலைமணி தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. தாடை இறுகத் தொடங்கியிருந்தது. டாக்டர் இளங்கோ வந்து பார்த்துவிட்டு, போய் வெகு நேரமாகிவிட்டது என்று தலையை ஆட்டினார். வழியில் போன உயிரை வாசலில் போனதாகச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கண் போனது கழுத்துக்கு. தாடைக்குக் கீழே, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, பட்டையாக ஒரு தடம். காய்ந்த மஞ்சள் பழுப்பில், தோல் தேய்ந்து கிடந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. அதற்குக் காரணம் இருந்தது. தாரணியை அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் மணிக்கட்டு வீங்கி வந்திருந்தாள். ஓடையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். முன்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றியிருந்ததைக் காட்டிக் கேட்டபோது, வெளியே நின்ற புருஷனை ஒரு தரம் பார்த்துவிட்டு, "விழுந்ததுதானுங்க சிஸ்டர்" என்றாள்.

"கழுத்தை நெரிச்சுக் கொன்னிருக்கான் சார்" என்றாள் கலைமணி, டாக்டரிடம்.

இளங்கோ நிதானமான மனிதர். பேச்சிலும் நிதானம், கத்தியிலும் நிதானம். "அதை முடிவு பண்றது உங்க வேலை இல்லை கலைமணி. என் வேலைதான். நானே இன்னும் முடிவு பண்ணலை" என்றார்.

சுருக்கென்றிருந்தது அவளுக்கு. ஆனால் சரியான இடத்தில் விழுந்த குத்து என்பதும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வேலை எதுவோ அதைச் செய்யப் போனாள்.

தாரணி மாதிரி கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. வந்து விசாரிக்க வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் செல்வம் நாமக்கல்லுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அதுவரை தாரணி கலைமணியின் பொறுப்பு. துணியைக் கழற்றாமல் கண்ணால் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சேலையை மரம் ஏறுகிறவர்கள் மாதிரி முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டியிருந்தது. மடியில் பறித்த மிளகுக் கொத்துகள் நசுங்கிக் கிடந்தன. முழங்கை உள்பக்கமும் தாடையெலும்பும் மரப்பட்டையில் உரசிச் சிராய்த்திருந்தன. கொண்டைக்குள் தலை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மரத்திலிருந்து விழுந்ததற்கு இவ்வளவும் பொருந்தும். கழுத்துத் தடம் மட்டும் பொருந்தவில்லை.

அப்புறம் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே பாதம்வரை, நாவல்பழம் கன்றிய நிறம். முதுகோரம் தெரிந்த மட்டில் அந்த நிறம் லேசாகத்தான் இருந்தது. கைவிரல்களிலும் நன்றாகவே இருந்தது.

இது என்ன என்று அவளுக்குத் தெரியும். உயிர் போனதும் ரத்தம் ஓடுவதை நிறுத்திவிடும். நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காது. தண்ணீர் பள்ளத்துக்கு இறங்குவது மாதிரி, உடம்பில் எது தாழ்ந்து இருக்கிறதோ அங்கே இறங்கித் தங்கும். படுத்திருந்தால் முதுகில் தங்கும். கால்களில் தங்கியிருக்கிறது என்றால், செத்த பிறகு இந்தப் பெண் வெகு நேரம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செத்தவள் எதற்காக உட்கார்ந்திருந்தாள்?

வெளியே மரத்தடியில் குந்தியிருந்த சென்றாயனிடம் போய்க் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளையை எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?"

"கட்டில்ல படுக்க வெச்சுத்தானுங்க."

"உக்கார வெக்கலையா?"

"இல்லீங்க சிஸ்டர்." சொல்லும்போதே காப்பு கட்டிய கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

சட்டத்துக்குப் பயந்து பொய் சொல்கிறவர்களைக் கலைமணி நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள், வார்த்தை அதிகமாக வரும். இந்த மனிதருக்குப் பயம் வேறு எதிலோ இருந்தது. அது என்னவென்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

அதற்குள் ஆலத்தூர் நாட்டிலிருந்து பிறந்த வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். தாரணியின் அம்மா பாவாயி, தாய்மாமன் மருதாசலம், அவர்களோடு ஒரு ஜீப் நிறைய ஆட்கள். வழக்கப்படி கலைமணி பாவாயியைத்தான் முதலில் உள்ளே கூட்டிப்போனாள். தொடக்கூடாது, பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். பாவாயி மகளின் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நெரிச்சுப் போட்டானே! என்ற மவளை நெரிச்சுப் போட்டானே!"

பிறகு கேட்கவா வேண்டும். மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். தனசேகரன் எங்கே என்று தேடினார்கள். செல்வம் அவனை இழுத்துக்கொண்டு ஊசி போடும் அறைக்குள் தள்ளி, கதவுக்கு முன்னால் தானே நின்றுகொண்டார். அவர் கூட ஒரே ஒரு போலீஸ்காரர்தான். ஜனம் தள்ளினால் அந்தக் கதவு தாங்காது. தனசேகரன் உயிரோடு மலை இறங்குவானா என்பதே சந்தேகமாக இருந்தது.

நல்லவேளை, ஆர்.டி.ஓ. அம்மா வந்துவிட்டார். உடலைப் பார்த்தார், ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார், பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவு போட்டார். டாக்டர் உள்ளே போனார். கலைமணியும் போனாள். துணிகளைக் காகிதத்தில் கட்டினாள், டாக்டர் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். காலின் நிறத்தைக் காட்டினாள். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த இடத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கழுத்தைத் திறந்து பார்த்தபோது தோலுக்கு அடியில் ஒரு சொட்டு ரத்தக் கசிவு இல்லை. எலும்பு ஒடியவில்லை. உயிரோடு இருப்பவளை நெரித்திருந்தால் இப்படி இருக்காது. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. இடது விலாவில் எலும்புகள் புதிதாக முறிந்திருந்தன. உயரத்திலிருந்து விழுந்த அடி. விழுந்த சற்று நேரத்திலேயே உயிர் போயிருக்கும் என்றார் இளங்கோ.

வலது விலாவைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அங்கே எலும்புகள் எப்போதோ முறிந்து, தானாகக் கூடியிருந்தன. மணிக்கட்டிலும் அப்படியே. "இது பழசு. இதுவும் வேற வேற சமயத்துல" என்றார். கலைமணிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை, அப்படியே நின்றாள்.

உள்ளே இருப்பவர்களுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. வெளியே இருப்பவர்களுக்கு?

டாக்டர் எவ்வளவோ பொறுமையாக எடுத்துச் சொன்னார். மருதாசலம் கேட்கிறவராக இல்லை. "கண்ணால பாத்தோமுங்க. கழுத்துல தடம் கெடக்குது. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. டாக்டரை விலைக்கு வாங்கிப்போட்டானா?" என்றார். பாவாயி அதற்கும் மேலே போய்விட்டாள். தரையில் உட்கார்ந்துகொண்டு, கொன்றவன் யார் என்று தெரியாமல் மகளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்றாள். ஜீப்பில் வந்தவர்கள் ஊசி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலைமணிக்கு உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது என்பதையும் மறைக்க வேண்டாம். பேசாமல் இரு, அவன் இத்தனை நாள் செய்ததற்கு இது வேண்டியதுதான் என்றது அந்தக் குரல். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. அவன் மேல் அவளுக்கிருந்த ஆத்திரம் இம்மியும் குறையவில்லை. ஆனால் எத்தனையோ வருஷமாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கேட்ட அந்தத் தாயை அவள் பார்த்தவள். இன்று பாவாயிக்கு ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பினால், அந்தப் பொய்யோடுதான் அவள் மிச்ச நாளையும் கழிக்க வேண்டும். மகளை ஒருத்தன் நெரித்தான், அவள் துடித்தாள் என்று தினமும் நினைத்து நினைத்துச் சாக வேண்டும். நடக்காத ஒன்றை நினைத்து ஒரு தாய் ஏன் சாக வேண்டும்?

அவள் ஆர்.டி.ஓ. அம்மாவிடம் காலின் நிறத்தைச் சொல்லி, அனுமதி கேட்டாள். பிறகு வார்டிலிருந்து நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து வாசலில் எல்லாருக்கும் நடுவில் போட்டாள். சென்றாயனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் புள்ளை படுத்துட்டு வரலை, உக்காந்துட்டு வந்திருக்குது. அது காலைப் பாத்தாலே தெரியுதுங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லலை. எப்படிக் கொண்டாந்தீங்களோ அப்படியே எனக்குக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்துத் தடத்தின் அகலம் அவள் மனதில் இருந்தது; அவர் தோளில் கிடந்த துண்டைக் காட்டினாள். "இதுலதானே கட்டுனீங்க? எனக்குக் கட்டுங்க."

சென்றாயன் துண்டைக் கையில் எடுத்தார். ஓர் அடி முன்னால் வந்தார். சட்டென்று பின்வாங்கினார்.

"ஐயோ, வேண்டாங்க சிஸ்டர்! உசுரோட இருக்கறவங்களை அப்படிக் கட்டப்படாதுங்க!"

வாசலில் நின்ற ஜனம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. மணிக்கட்டுக் காப்பைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தது. விடிந்ததும் தாரணி தனியாக மிளகு பறிக்கப் போயிருக்கிறாள். ஆண்கள் எல்லாரும் கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், தனசேகரனும் அங்கேதான் இருந்தான். மரத்தடியில் அவளை முதலில் பார்த்தது சென்றாயன். அப்போதே மூச்சு இல்லை. ஆனால் காப்பு கட்டிய ஊருக்குள் சாவு விழுந்தால் நோம்பி நின்றுவிடும். எல்லைக் கோயில் வழியாகப் பிணம் போகவும் கூடாது. ரோட்டுக்குப் போக வேறு வழியும் கிடையாது. எல்லையைத் தாண்டும்வரை அவள் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

"அதனால நாற்காலியில மூங்கிலைக் கட்டி உக்கார வெச்சோமுங்க. சீக்குக்காரங்களைக் கொண்டு போற மாதிரி. தலை நிக்கலைங்க. முன்னால முன்னால தொங்குச்சு. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு, துண்டைப் போட்டு நாற்காலி முதுகோட சேத்துக் கட்டுனனுங்க. ஏத்தம் எறக்கம் பூரா அது கழுத்துல உரசிட்டே வந்துச்சு. 'கொஞ்சம் பொறுத்துக்க தாரணி'ன்னு அதுகிட்டப் பேசிட்டே வந்தனுங்க, எல்லாரும் கேக்கற மாதிரி. ரோட்டுக்கு வந்தப்புறந்தான் அவுத்துப் படுக்க வெச்சோம்."

மருதாசலம் என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். பாவாயி எழுந்தாள். தள்ளாடித் தள்ளாடி நாற்காலியருகே வந்தாள்.

"எப்படிக் கட்டுன? எனக்குக் காட்டு" என்றாள்.

கலைமணி எழுந்திருக்கவில்லை. சென்றாயன் துண்டை அவள் தாடைக்குக் கீழே கொடுத்து, காதோரமாக இழுத்து, பின்னால் முடிந்தார். சொரசொரப்பான துண்டு கழுத்தில் பட்டதும், இவ்வளவு தைரியக்காரியும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். பாவாயி குனிந்து, துண்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை. மகளின் கழுத்தில் பார்த்த தடம் அதே இடத்தில்தான் இருந்தது. அவளே முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

"அப்ப, அவன் கொல்லலையா கண்ணு?"

"கொல்லலீங்கம்மா."

"வலிச்சிருக்குமா அவளுக்கு?"

"விழுந்ததும் நெனவு போயிருக்கும்னு டாக்டர் சொல்றாருங்க. கழுத்துல கட்டுனது அவளுக்குத் தெரிஞ்சே இருக்காது."

பாவாயி அப்போதுதான் முதல் முறையாகச் சத்தமில்லாமல் அழுதாள். ஜீப்பில் வந்த ஆட்கள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். ஊசி அறைக் கதவைச் செல்வம் திறந்துவிட்டார். தனசேகரன் வெளியே வந்தான். செத்துப் பிழைத்தவன் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னனே, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு" என்றான். பொண்டாட்டி கிடந்த அறைப்பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவாயியை உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"அம்மா, இன்னொண்ணு இருக்குதுங்க. அதையும் நான்தான் சொல்லணும்."

வலது விலாவில் கூடிக்கிடந்த எலும்புகளைச் சொன்னாள். மணிக்கட்டைச் சொன்னாள். மழைக்காலத்தில் தாரணி வந்தபோது தான் கேட்டதையும், அவள் சொன்ன பதிலையும் சொன்னாள். பாவாயி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்டயும் அதேதான் கண்ணு சொன்னா. பொங்கலுக்கு வந்தப்ப குனிய முடியலை. என்னடின்னு கேட்டேன். விழுந்துட்டேன்னா. பாத்து நடக்கப்படாதான்னு அவளைத்தான் திட்டுனேன்."

கலைமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானம் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அங்கே சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் இல்லை. "இதையெல்லாம் டாக்டர் எழுதிட்டாருங்க. நானும் என் வாக்குமூலத்துல சொல்றேன். யாராலயும் மறைக்க முடியாது" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஆர்.டி.ஓ. அம்மா வாக்குமூலங்களை முடிக்க உட்கார்ந்தார். கலைமணி தன்னுடையதைச் சொன்னாள், காலின் நிறம் முதல் மணிக்கட்டு வரை. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு பாவாயியைக் கூப்பிட்டார்கள். தனசேகரனும் சென்றாயனும் மருதாசலமும் சுவரோரம் நின்றார்கள்.

"உங்க மகள் சாவுல உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டார் ஆர்.டி.ஓ.

"இல்லீங்க. என்ற மவ மரத்துல இருந்து விழுந்துதான் செத்தா. இவன் கொல்லலை."

தனசேகரன் மாமியாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பாவாயி அவனைப் பார்க்கவில்லை. கலைமணியை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி மேஜைப் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணுங்க. இதுக்கு முன்னால விழுந்துட்டேன் விழுந்துட்டேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கறா. அப்பெல்லாம் அவ விழவே இல்லீங்க. அதை அப்ப நாங்க எல்லாரும் நம்புனோம். இன்னைக்குத்தான் நெசமா விழுந்தா, இன்னைக்கு ஒருத்தர் கூட நம்பலை. அதையும் எழுதிக்குங்க."

ஆர்.டி.ஓ. அம்மா எழுதினார். செல்வம் தனசேகரனின் பக்கத்தில் வந்து நின்றார். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.